டீஎஸ் ஒபீஸ்ல (பிரதேச செயலகத்துல) தகவல் கேக்கிறது எப்படி, அடுத்தவங்கட மானத்தை வெளியில போடாம

போன வருசம் ஒரே கிழமையில ரெண்டு காட்சி பார்த்தன். எங்கட திருகோணமலை மாவட்டத்துல ஒரு ஜீஎஸ் (கிராம உத்தியோகத்தர்) ஒபீஸ், எந்த ஊர் எண்டு சொல்லேல்ல, வாசல் சுவர்ல கொடுப்பனவு லிஸ்ட் ஒட்டியிருந்திச்சு. பேர், விலாசம், ஐசி (அடையாள அட்டை) நம்பர், அதுக்குப் பக்கத்துல கடைசிக் கட்டத்துல ஒரு பேருக்கு நேரே "சிறுநீரக நோய்", இன்னொண்டுக்கு நேரே "கணவர் கைவிட்டவர்". டியூசன் முடிஞ்சு வந்த பொடியன்கள் ரெண்டு பேர் விரலை வச்சு வச்சு வாசிக்கிறாங்க, வாசிச்சு ஒருத்தன் மற்றவனைப் பார்த்து "டேய் இது நம்மட கிளாஸ் அவட அம்மா" எண்டான். ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு ஒபீஸ்ல, வீட்டுத் திட்டத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பிச்சாங்க, புள்ளி எப்படிப் போட்டீங்க எண்டு ஒரு அக்கா கேட்டா, கவுண்டர்ல இருந்தவர் தலை நிமிராமச் சொல்லுறார், "அது தனிப்பட்ட விசயம் அக்கா, குடுக்க ஏலாது".

மூடி வைக்க வேண்டியது சுவர்ல கிடக்கு, திறந்து வைக்க வேண்டியது அலுமாரிக்குள்ள கிடக்கு. இதைத் திருப்பிப் போடுறதுக்கு எங்கட கையில ஒரு சட்டம் இருக்கு, அதைப் பாவிக்கத் தெரியணும், அடுத்தவங்களுக்கு நோகாமப் பாவிக்கத் தெரியணும். நான் சட்டத்தரணி இல்ல, ஊர்ல சங்கங்களுக்கும் அயலுக்கும் கடிதம் எழுதிக் குடுத்துப் பழகின ஆள், அந்தப் பழக்கத்துலதான் இதை எழுதுறன், முதல் தடவையா தகவல் கேக்கப் போறவங்களுக்காக.

சட்டத்தைப் பத்திக் கொஞ்சம்

2015ல 19ஆவது திருத்தத்தோட எங்கட அரசியலமைப்புக்குள்ள 14அ எண்டு ஒரு உறுப்புரை வந்திச்சு, தகவல் பெறுற உரிமை அப்பதான் அடிப்படை உரிமை ஆச்சு. அதைத் தொடர்ந்து 2016ன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நாங்க எல்லாரும் ஆர்டிஐ எண்டு சொல்லுறது. நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி. இலங்கைப் பிரசை யாரும் கேக்கலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்ல.

இதை ஏன் அழுத்திச் சொல்லுறன் எண்டா, எங்கட பொடியன்கள் நிறையப் பேர் தமிழ்நாட்டு யூடியூப் பார்த்திட்டு வாறாங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும், முப்பது நாள்ல பதில் வரும், பிரிவு எட்டு எண்டெல்லாம் எழுதிக் கொண்டு வாறாங்க. அது இந்தியாவுட சட்டம், 2005ல வந்தது. பேர் ஒண்டுதான், நாள் கணக்கும் பிரிவு நம்பரும் வேற.

எங்கட சட்டத்துல தகவல் மறுக்கக்கூடிய காரணங்கள் பிரிவு 5ல இருக்கு. அதுல முதலாவதே தனிப்பட்ட தகவல்தான். பொது வேலையோட, பொது நலனோட தொடர்பில்லாத தனி ஆள் விபரம், இல்லாட்டி வெளியில விட்டா அந்த ஆளுட அந்தரங்கத்துக்குள்ள தேவையில்லாமப் புகுற மாதிரியான விபரம், இதை மறுக்கலாம். ஆனா அதே வசனத்துக்குள்ளயே ரெண்டு கதவும் வச்சிருக்காங்க, ஒண்டு பெரிய பொது நலன் இருந்தா குடுக்கலாம், மற்றது சம்பந்தப்பட்ட ஆள் எழுத்துல சம்மதம் தந்தா குடுக்கலாம். மருத்துவப் பதிவுக்குத் தனியா ஒரு உட்பிரிவு இருக்கு, அதுக்கும் எழுத்துச் சம்மதம் வேணும். பிறகு பிரிவு 6, இது சின்னப் பிரிவு, ஆனா எனக்குப் பிடிச்சது இதுதான்: ஒரு பத்திரத்துல மறைக்க வேண்டிய பகுதி இருந்தா அதை மட்டும் எடுத்திட்டு மிச்சத்தைக் குடுக்கணும். ஒரு கட்டத்துல ஐசி நம்பர் இருக்கு எண்டு சொல்லி பைல் முழுக்க மூட ஏலாது.

முதல்ல பாருங்க, ஆர்டிஐ போடத்தான் வேணுமா

நிறைய விசயம் ஏற்கனவே திறந்துதான் இருக்கு. உறுதிக் காணி ஒண்டு யார் பேர்ல இருக்கு, ஈடு வச்சிருக்கா எண்டு பார்க்க ஆர்டிஐ வேண்டாம், காணிப் பதிவகத்துல கட்டணம் கட்டி யாரும் தேடிப் பார்க்கலாம், அது பழைய காலத்துல இருந்தே அப்படித்தான். வாக்காளர் இடாப்பு ஆட்சேபனைக்காகப் பார்வைக்கு வைப்பாங்க. அஸ்வெசும எண்ட அரச நிவாரணக் கொடுப்பனவு 2023ல தொடங்கேக்க பேர்ப் பட்டியலை வெளியில போட்டு மேன்முறையீடும் ஆட்சேபனையும் கேட்டாங்க. இதெல்லாம் ஊர் பார்க்க வேணும் எண்டுதான் வச்சது, ஏனெண்டா கண்ணுக்குத் தெரியாமத் தெரிவு நடந்தா களவு நடக்கும்.

பழைய காணிக் கச்சேரியை நினைச்சுப் பாருங்க. அரச காணி பகிர்ந்து குடுக்கேக்க விண்ணப்பிச்சவங்களை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு, ஊர்ச் சனம் நிக்கத்தக்கதா விசாரிச்சு, பேரைத் தூக்கி ஒட்டி ஆட்சேபனை கேப்பாங்க. என்ட அப்பாட காலத்து ஆக்கள் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க, "எனக்கு ஊருக்கு முன்னால தந்த பேமிட்" (காணி அனுமதிப் பத்திரம்) எண்டு. அந்த முறையில ஊருக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிது. இப்ப பிரச்சினை, பேரோட சேர்த்து நோயும் குடும்பச் சண்டையும் போன் நம்பரும் ஒட்டுப்படுறதும், அதைப் போட்டோ பிடிச்சு அரை மணித்தியாலத்துல கனடாவுல இருக்கிற மாமா வரைக்கும் அனுப்ப ஏலுறதும்.

எந்த ஒபீஸ் எண்டு கண்டுபிடிக்கிறது

இதுலதான் பாதி நாள் போகும். எங்கட மாவட்டத்துல 11 பிரதேச செயலாளர் பிரிவு இருக்கு, பட்டினமும் சூழலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், வெருகல், சேருவில, கந்தளாய் எண்டு போகும். அதுக்கு மேல கச்சேரி (மாவட்டச் செயலகம்), பக்கத்துல பிரதேச சபைகள், அதோட கிழக்கு மாகாண சபைட திணைக்களங்களும் எங்கட டவுண்லதான். ஒரு ரோட்டை எடுத்தா அது வீதி அபிவிருத்தி அதிகார சபைடதா, மாகாணத்துடதா, பிரதேச சபைடதா எண்டு பார்க்கணும். பள்ளிக்கூடம் எண்டா தேசிய பாடசாலையா மாகாணப் பாடசாலையா. போட் அடிச்சிருந்தா அதுல பேர் இருக்கும், இல்லாட்டி ஜீஎஸ்ட்டக் கேளுங்க.

ஒவ்வொரு ஒபீஸ்லயும் தகவல் அலுவலர் எண்டு ஒருத்தரும், அவருக்கு மேல குறித்தளிக்கப்பட்ட அலுவலர் எண்டு ஒருத்தரும் இருக்கணும். ரெண்டு பேரையும் போற நாளே எழுதி எடுத்துக்கொள்ளுங்க, ரெண்டாவது ஆள் பிறகு தேவைப்படுவார்.

எழுதுறது, இதுதான் முக்கியம்

நான் சொல்ல வாற முழு விசயமும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒபீஸ் என்ன செஞ்சிது எண்டு கேளுங்க, ஆள் எப்படிப்பட்டவ எண்டு கேக்காதீங்க.

முதல்ல சொன்ன அந்த அக்கா, வீடு கிடைக்கேல்ல எண்டு கோவத்துல வந்தவ, என்னட்ட ஒரு கொப்பித் தாள்ல எழுதிக் கொண்டு வந்தா. அதுல இருந்தது இவ்வளவுதான்: "எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இன்னாருக்கு வீடு கொடுத்தது ஏன், அவருடைய மாத வருமானம் எவ்வளவு, அவருடைய கணவர் எங்கே, அவருக்கு வேறு காணி இருக்கிறதா, எல்லா விபரமும் வேண்டும்." அக்காட வயித்தெரிச்சல் நியாயம், அவட வீட்டுக் கூரையை நான் பார்த்திருக்கிறன், மழைக்குப் பாத்திரம் வைக்கிற வீடு. ஆனா இந்தக் கடிதம் போனா ரெண்டு விசயம் நடக்கும். தகவல் அலுவலர் "தனிப்பட்டது" எண்டு நியாயமாவே மறுப்பார். அதோட இன்னாரைப் பத்தி இவ பெட்டிசம் போட்டவ எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை போகும்.

நாங்க ரெண்டு பேரும் இருந்து இதை இப்படி மாத்தினம்:

"1. குறித்த வீடமைப்புத் திட்டத்துக்காக எமது கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்து கிடைத்த விண்ணப்பங்களின் மொத்த எண்ணிக்கையும் தெரிவு செய்யப்பட்டவர்களின் எண்ணிக்கையும்.
2. பயனாளிகளைத் தெரிவு செய்யப் பயன்படுத்திய சுற்றறிக்கை, புள்ளியிடும் படிவம் ஆகியவற்றின் பிரதிகள்.
3. தெரிவுக் குழுக் கூட்டங்களின் கூட்டறிக்கைப் பிரதிகள்.
4. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் பெற்ற மொத்தப் புள்ளிகளும் அவர் தெரிவு செய்யப்பட்டாரா என்பதும், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் நீக்கி, தொடரிலக்கத்துடன்.
5. எனது விண்ணப்பத்துக்கு வழங்கப்பட்ட புள்ளிகளும் அதற்கான குறிப்புகளும்.
6. தெரிவு செய்யப்பட்டோரின் பெயர்ப் பட்டியல், பெயர் மட்டும்.
மேற்படி ஆவணங்களில் தனிப்பட்ட விபரங்கள் இருப்பின் சட்டத்தின் பிரிவு 6இன்படி அவற்றை மறைத்து மிகுதியை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒண்டொண்டாப் பாருங்க. முதல் மூண்டும் ஒபீஸ்ட வேலை, அதுல யாருட அந்தரங்கமும் இல்ல. நாலாவதுல ஆள் தெரியாம அளவு தெரியும், 48 புள்ளிக்காரருக்கு இல்லாம 31 புள்ளிக்காரருக்கு வீடு போயிருந்தா அது அந்தத் தாள்லயே கிடக்கும். அஞ்சாவது அக்காட சொந்த விபரம், அவட விபரத்தை அவவுக்கே தராம "தனிப்பட்டது" எண்டு சொல்ல யாருக்கும் ஏலாது. ஆறாவதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அரச காசுல வீடு வாங்கினவங்கட பேர் ஊருக்குத் தெரியலாம் எண்டுதான் நான் நினைக்கிறன், காசு ஊர்க் காசு. ஆனா அவங்க ஏன் தகுதியானாங்க, விதவையா, நோயாளியா, பிள்ளைக்கு ஏலாதா, அது பேருக்குப் பக்கத்துல வரக்கூடாது. பேர் ஒரு தாள்லயும் காரணம் எத்தனை பேருக்கு எண்ட எண்ணிக்கை வேறொரு தாள்லயும் கேளுங்க, ரெண்டையும் ஒரே அட்டவணையில கேக்காதீங்க.

இன்னொரு நுணுக்கம், சின்ன ஊர்ல பேரை எடுத்திட்டாலும் ஆள் தெரியும். நூறு குடும்பம் இருக்கிற இடத்துல "கணவனை இழந்தவர், மூன்று பிள்ளைகள், தையல் தொழில்" எண்டு ஒரு வரி வந்தா அது யார் எண்டு கடைச் சந்தியில நிக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்படியான விபரம் தேவைப்பட்டா ஜீஎஸ் பிரிவு அளவுல கேக்காம பிரதேச செயலகப் பிரிவு முழுக்கக் கேளுங்க, கூட்டம் பெருசானா ஆள் மறைஞ்சிடும்.

ஃபோம் எண்டா ஆர்டிஐ 01 எண்டு ஒண்டு இருக்கு, அது இல்லாம வெள்ளைத் தாள்ல எழுதினாலும் ஏற்கணும். எழுதத் தெரியாதவங்க வாயால சொல்லலாம், தகவல் அலுவலர் அதை எழுத்துல எடுக்கணும். தமிழ்ல எழுதுங்க. வடக்குக் கிழக்குல நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்புலயே இருக்கு, கந்தளாய்க்குப் போனாலும் கோமரங்கடவலைக்குப் போனாலும் தமிழ்க் கடிதத்தைத் திருப்ப ஏலாது.

உங்கட சொந்தப் பாதுகாப்பும் இருக்கு. ஒரு தம்பி ரோட்டு வேலை ஒண்டுக்கு மதிப்பீட்டுப் பத்திரம் கேட்டு எழுதிக் குடுத்தார், அண்டைக்கு ராவே முன்பின் தெரியாத ஆள் கோல் எடுத்து "ஏன் தம்பி உனக்கு இந்த வேலை" எண்டு கேட்டிருக்கிறார். நம்பர் எங்கால போச்சு எண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு நான் இப்படியான விசயங்களைச் சங்கம் மூலமாப் போடச் சொல்லுறன். அங்கத்தவர்கள்ல நாலுல மூண்டு பங்கு பிரசைகள் எண்டா அந்தச் சங்கமும் பிரசை மாதிரியே விண்ணப்பிக்கலாம் எண்டு சட்டத்துல இருக்கு, பதிவு செய்யாத சங்கமா இருந்தாலும் பரவாயில்ல. மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், விவசாய சம்மேளனம், எது கிட்ட இருக்கோ அதுட கடிதத் தலைப்புல போங்க, தலைவர் செயலாளர் சைன் வையுங்க. தனி ஆளை வெருட்டுற மாதிரி ஒரு சங்கத்தை வெருட்ட ஏலாது.

குடுத்த பிறகு நாள் எண்ணுறது

கையில குடுத்தா உடனே பெற்றுக்கொண்டதுக்கு எழுத்துல அத்தாட்சி தரணும். தராட்டி உங்கட கொப்பியில சீலும் டேட்டும் வாங்குங்க, அதுவும் இல்லாட்டிப் பதிவுத் தபால்ல போட்டு ரசீதை அந்தக் கொப்பியோடயே பின் பண்ணி வையுங்க. ரசீது துலைஞ்சா முழு வேலையும் துலைஞ்ச மாதிரித்தான்.

குடுப்பமா இல்லையா எண்டு முடிவு சொல்ல அவங்களுக்கு 14 வேலை நாள். வேலை நாள் எண்டதைக் கவனிங்க, சனி ஞாயிறு, போயா, சித்திரை வருசம் எல்லாம் கழிச்சா மூண்டு கிழமைக்கு மேலயும் போகும். குடுக்கிறம் எண்டு முடிவு எடுத்தா அதுல இருந்து 14 நாளுக்குள்ள தகவல் வரணும். பைல் கனக்க எண்டா காரணம் சொல்லி இன்னும் 21 நாள் வரைக்கும் எடுக்கலாம். ஒருத்தருட உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் எண்டா 48 மணித்தியாலம்தான்.

காசு பெருசா வராது. முதல் நாலு பக்கம் இலவசம், அதுக்கு மேல ஏ4 போட்டோக் கொப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா எண்டு 2017 வர்த்தமானியில போட்டிருந்தாங்க, ஈமெயில்ல தந்தா ஒண்டும் இல்ல. பைலைப் போய் இருந்து பார்க்கவும் கேக்கலாம், முதல் மணித்தியாலம் இலவசம். ஆனா பயனாளிகள் பைலை நேர பார்க்கக் கேக்காதீங்க எண்டு நான் சொல்லுவன், அதுக்குள்ள மறைக்காத விபரம் எல்லாம் கிடக்கும், பார்த்தா பார்த்ததுதான், மறக்க ஏலாது.

"தனிப்பட்டது" எண்டு பதில் வந்தா

வாயால சொன்னா ஏற்காதீங்க. "சரி சேர், எந்தப் பிரிவு எண்டு எழுத்துல தாங்க" எண்டு மரியாதையாக் கேளுங்க. மறுக்கிறவங்க காரணத்தை எழுத்துல தரணும். நிறைய இடத்துல எழுதச் சொன்ன உடனே பதில் மாறுறதை நான் கண்டிருக்கிறன், ஏனெண்டா எழுதேக்க சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டி வருது.

எழுதித் தந்தா நீங்களும் இருந்து நேர்மையா யோசியுங்க, அவங்க சொல்லுறது சரியா எண்டு. நான் எனக்குள்ள மூண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பன். நான் கேட்டது அரச காசோ அரச அதிகாரமோ சம்பந்தப்பட்டதா? அந்த ஆளுட பேர் இல்லாமலே என்ட கேள்விக்கு விடை கிடைக்குமா? இது வெளியில வந்தா அந்த ஆளுக்கு என்ன நடக்கும், என்ட வீட்டு விபரம் இப்படி வந்தா நான் தாங்குவனா? ரெண்டாவதுக்கு ஆம் எண்டு வந்தா பேரை விட்டிட்டு மிச்சத்துக்குச் சண்டை பிடிக்கிறதுதான் புத்தி.

உத்தியோகத்தர் ஒருத்தர் தன்ட கடமையில என்ன செஞ்சார், எந்தத் திகதியில சைன் வச்சார், அந்தப் பதவிட சம்பளம் எவ்வளவு, கொந்தராத்து யாருக்கு எவ்வளவுக்குப் போச்சு, இது தனிப்பட்டதே இல்ல. அதே உத்தியோகத்தருட மருத்துவ லீவுக் கடிதத்துல என்ன நோய் எழுதியிருக்கு, வீடு எங்க, அது அவருடது.

இதுக்கு நல்ல உதாரணம் ஒண்டு கொழும்புல நடந்திச்சு. 2018ல ஒரு ஊடகவியலாளர் பாராளுமன்றத்திட்ட, சொத்து விபரம் சமர்ப்பிச்ச உறுப்பினர்கள் யார் யார் எண்டு பேர் லிஸ்ட் கேட்டார். குடுக்க மாட்டம் எண்டாங்க. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு 2021ல குடுக்கச் சொல்லிச்சு, பாராளுமன்றத் தரப்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் போச்சு, 2023 பெப்ரவரியில நீதிமன்றமும் ஆணைக்குழுட முடிவை உறுதிப்படுத்திச்சு. அவர் என்ன கேட்டார் எண்டதைக் கவனிங்க. யாரிட்ட எவ்வளவு நகை, எந்த பேங்க்ல எவ்வளவு எண்டு கேக்கேல்ல. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செஞ்சது யார் எண்டு மட்டும் கேட்டார். கேள்வி அவ்வளவு இறுக்கமா இருந்தபடியாத்தான் "அந்தரங்கம்" எண்ட பதில் நிக்கேல்ல. பிறகு 2023ல வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்துல சொத்து விபரத்தையே வெளியில போடுற முறை வந்திட்டு, அதுலயும் சில தனிப்பட்ட விபரங்களை மறைச்சுத்தான் போடுறது. மறைக்க வேண்டியதை மறைச்சு மிச்சத்தைத் திறக்கிறது மந்திரிமாருக்கு நடக்கும் எண்டா எங்கட வீட்டுத் திட்ட லிஸ்ட்டுக்கும் நடக்கும்தானே.

மேன்முறையீடு செய்யிறது எண்டா, மறுப்பு வந்து 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதணும், ஆர்டிஐ 10 எண்ட ஃபோம். பதிலே வராம நாள் முடிஞ்சாலும் மறுப்பு மாதிரித்தான், அப்பவும் எழுதலாம். அவருக்கு மூண்டு கிழமை. அதுலயும் சரிவரேல்ல எண்டா ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்புல இருக்கிற ஆணைக்குழுவுக்கு. லோயர் வேண்டாம். மேன்முறையீட்டுல கனக்க எழுதாதீங்க, "நான் பெயர் கேட்கவில்லை, மறைத்துத் தருமாறே கேட்டேன், பிரிவு 6 கவனிக்கப்படவில்லை" எண்ட வரி ஒண்டு இருந்தாலே உங்கட பக்கம் பலம். முதல் கடிதத்துல அந்தக் கடைசி வசனத்தை ஏன் போடச் சொன்னன் எண்டு இப்ப விளங்கும்.

2022ல தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கிற சட்டம், 9ஆம் இலக்கம், பாஸ் ஆனதுக்குப் பிறகு சில ஒபீஸ்ல அதைக் காட்டியும் மறுக்கிறாங்க. அந்தச் சட்டம் வந்ததால ஆர்டிஐ இல்லாமப் போகேல்ல. அது எங்கட தரவை வச்சிருக்கிற ஒபீஸுக்குத்தான் பொறுப்பைக் கூட்டுற சட்டம், சுவர்ல ஐசி நம்பர் ஒட்டுறதுக்கு முதல் அவங்கதான் அந்தச் சட்டத்தை வாசிக்கணும்.

கம்பனிகளைப் பத்தி ஒரு வார்த்தை. எங்கட திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் பத்தி 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டாங்களே, 99 தாங்கியில 61 கூட்டுக் கம்பனிக்கு எண்டு, அப்படியான பெரிய விசயங்கள்ல "அந்தரங்கம்" எண்ட பேச்சுக்கே இடமில்ல. அங்க வர்த்தக இரகசியம் எண்டு வேற காரணம் சொல்லுவாங்க, அது வேற உட்பிரிவு, வேற வாதம், இந்தக் கட்டுரைக்குள்ள அடங்காது.

வேற ஆளுட பைல் உண்மையிலயே தேவைப்பட்டா

சம்மதம் வாங்குங்க. அம்மாட ஆஸ்பத்திரிப் பதிவு, பக்கத்து வீட்டு ஆச்சிட முதியோர் கொடுப்பனவு நிண்டதுக்குக் காரணம், இதெல்லாம் அவங்களுக்காக நீங்க கேக்கிறது. ஒரு தாள்ல "இன்ன பைல்ல இருக்கிற இன்ன விபரத்தை இன்னாருக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்" எண்டு எழுதி, வாசிச்சுக் காட்டி, சைன் வாங்குங்க. வாசிச்சுக் காட்டுறதைத் தவற விடாதீங்க. எங்கட ஆச்சிமார் நீட்டின தாள்ல எல்லாம் சைன் வைப்பாங்க, பழக்கம் அப்படி. எந்த விபரம் எண்டு குறிப்பா எழுதணும், "எல்லா விபரமும்" எண்டு எழுதக் கூடாது.

காணாமல் போனவங்கட குடும்பங்கள் சொன்ன சாட்சியம் மாதிரியானது இன்னும் வேற. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு இரகசியமாக் குடுத்த தகவலுக்கு ஆர்டிஐ பொருந்தாது எண்டு 2016ல அந்தச் சட்டத்துலயே எழுதிட்டாங்க. அது சரிதான் எண்டு நான் நினைக்கிறன். லிஸ்ட் எண்டாலே எங்கட சனத்துக்கு வயிறு கலங்கும், லிஸ்ட்டோட வீட்டு வாசலுக்கு வந்தவங்களைப் பார்த்த சனம். ஒரு அம்மா நம்பிச் சொன்னது வேற கைக்குப் போனா அடுத்த அம்மா வாய் திறக்க மாட்டா.

உங்கட விபரத்தை வேற யாரும் கேட்டா

சில நேரம் உங்களுக்கு ஒபீஸ்ல இருந்து கடிதம் வரும், நீங்க குடுத்த விபரத்தை ஒருத்தர் கேட்டிருக்கிறார், உங்கட கருத்து என்ன எண்டு. ஏழு நாள்தான் தருவாங்க, அதைத் தூக்கி அலுமாரிக்கு மேல போட்டிடாதீங்க, பதில் இல்லாட்டி ஆட்சேபனை இல்ல எண்டு எடுத்துக் குடுத்திடலாம். முழுக்க வேண்டாம் எண்டு எழுதாம, எது வேண்டாம் எண்டு குறிப்பா எழுதுங்க: பேரைக் குடுங்க, போன் நம்பரும் பேங்க் கணக்கும் பிள்ளைட மருத்துவ அறிக்கையும் குடுக்க வேண்டாம் எண்ட மாதிரி.

தகவல் கையில வந்திட்டா

இனித்தான் உங்கட பொறுப்பு. ஒபீஸ் மறைக்க மறந்ததை நீங்க மறைக்கணும். எனக்கு இது அடிபட்டுத்தான் விளங்கிச்சு. ஒருமுறை வந்த லிஸ்ட்டைச் சங்கத்து வட்ஸ்அப் குரூப்ல அப்படியே போட்டிட்டன், ஐசி நம்பர் எல்லாம் இருந்திச்சு, நான் பார்க்கேல்ல. அடுத்த நாள் ஒரு தங்கச்சி வந்து அழுதிட்டு நிண்டா, அவட வயசு வெளியில தெரிஞ்சிட்டு, கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், அங்க ரெண்டு வயசு குறைச்சுச் சொல்லியிருந்தவங்க. சரி பிழை வேற கதை, அதைச் சொல்ல வேண்டியது அவட வீடு, நான் இல்ல. அழிச்சன், ஆனா அதுக்குள்ள அது எங்கயெல்லாமோ போயிட்டு.

ஐசி நம்பர்ல என்ன இருக்கு எண்டு கனபேருக்குத் தெரியாது. 12 இலக்க நம்பர்ல முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்துல எத்தனையாவது நாள், பொம்பிளை எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 1985632 எண்டு தொடங்கினா 1985ல மே மாசம் பிறந்த பொம்பிளை. கடைசியில வீ (V) எழுத்து வாற பழைய நம்பர்லயும் இதே கணக்குத்தான், வருசம் மட்டும் ரெண்டு இலக்கம்.

மறைக்கிறதுக்கும் முறை இருக்கு. கறுப்பு மார்க்கரால அடிச்ச தாளை லைட்டுக்கு நேரே பிடிச்சுப் பாருங்க, எழுத்து தெரியும். அடிச்ச தாளைத் திரும்பப் போட்டோக் கொப்பி எடுத்து அந்தக் கொப்பியைத்தான் குடுக்கணும். இன்னும் நல்லது, வெள்ளைத் தாளைக் கீலமா வெட்டி அந்தக் கட்டத்துக்கு மேல வச்சுக் கொப்பி எடுக்கிறது. போன்ல பிடிஎஃப் மேல கறுப்புப் பெட்டி போட்டா போதாது, சில நேரம் கீழ இருக்கிற எழுத்தைக் கொப்பி பண்ணி எடுக்க ஏலும். மறைச்சிட்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் படமா அனுப்புங்க. குரூப்ல போட வேண்டியது முடிவு மட்டும், இத்தனை விண்ணப்பம், இத்தனை தெரிவு, புள்ளி இப்படி. மூலப் பிரதி ஒரு கவருக்குள்ள சங்கச் செயலாளரிட்ட இருக்கட்டும்.

அந்த அக்காவுக்குப் பதில் ரெண்டாவது கடிதத்துக்குப் பிறகு வந்திச்சு. அவட புள்ளி கூட்டினதுல பிழை, கூரை நிலைக்குப் போட வேண்டிய புள்ளி விடுபட்டிருந்திச்சு. இப்ப மீள்பரிசீலனைக்கு எழுதிக் குடுத்திருக்கிறா. ஒழுங்கையில இன்னார்ட பேரை அவ இண்டைக்கு வரைக்கும் எடுக்கேல்ல, எடுக்கத் தேவையும் வரேல்ல.

சுவர்ல ஒட்டியிருந்த அந்த லிஸ்ட்டுக்கு, நான் அண்டைக்கே உள்ளுக்குப் போய் ஜீஎஸ்ட்டச் சொன்னன். புதுசா வந்த தங்கச்சி ஒருத்தி, மேலிடத்துல இருந்து வந்த தாளை அப்படியே ஒட்டியிருக்கிறா, பாவம். "ஐயா கழட்டினா எனக்குக் கேள்வி வரும், லிஸ்ட் பார்வைக்கு இருக்கணும்" எண்டா. கழட்ட வேண்டாம் பிள்ளை எண்டு சொல்லி, மேசையில கிடந்த வெள்ளைத் தாளை நீளமா ரெண்டு கீலமா வெட்டினம், ஐசி நம்பர்க் கட்டத்துக்கு ஒண்டு, கடைசிக் கட்டத்துக்கு ஒண்டு, கம் பூசி அவவே ஒட்டினா. பேரும் ஆட்சேபனைக்குக் கடைசித் திகதியும் தெளிவாத் தெரிஞ்சிது.